ஐந்தாம் வகுப்பு நடத்திய மாசிமகம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிய தலைமை ஆசிரியை வந்தார். வெளியூர்க்காரர். காரைக்காலில் பள்ளிக்கூடம் நடத்துவதில் உள்ள சிரமம் அவருக்கு முதல் சில மாதங்களிலேயே புரிந்துவிட்டது. ஊரில் எப்போதும் ஏதாவது ஒரு திருவிழா நடந்துகொண்டிருக்கும். தர்காவில் கந்தூரிக் கொடியேற்றம் என்றால் பாதி வகுப்பு வராது. மாதா கோயில் தேருக்கு மீதிப் பாதி வராது. மாம்பழங்களை வாரி இறைக்கிற மாங்கனித் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நிற்கும். சனிப்பெயர்ச்சி என்றால் திருநள்ளாற்றுப் பக்கமிருந்து பஸ்ஸே வராது. காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டவர், ஒருநாள் காலைப் பிரேயரில் மனம் மாறியவராகப் பேசினார். இத்தனை விதமான திருநாள்கள் ஒரே ஊரில் இருப்பது நம்முடைய பாக்கியம் என்றார். அந்த வருடம் வழக்கமான ஆண்டு விழா கிடையாது, அதற்குப் பதிலாக ‘நம்ம ஊர்த் திருநாள்கள்’. வகுப்புக்கு ஒரு திருநாள். மேடையில் நடத்திக் காட்ட வேண்டும்.

அதோடு ஒரு விதியும் போட்டார். யாரும் தங்கள் வீட்டுத் திருநாளில் நடிக்கக் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும், தெரியாதவர்கள் நடிக்க வேண்டும். அப்போதுதான் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வோம் என்றார். எங்களுக்குப் புரிந்ததெல்லாம், தெரிந்த பாட்டைப் பாட விடாமல் தெரியாத பாட்டைப் பாடச் சொல்கிறார்கள் என்பதுதான்.

மூன்றாம் வகுப்புக்குப் பொங்கல், நான்காம் வகுப்புக்குக் கந்தூரி, ஆறாம் வகுப்புக்கு மாதா தேர் என்று பிரித்துக்கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு மாங்கனியைச் சண்டை போட்டு வாங்கியது. அது மாம்பழம் கிடைக்காத பருவம். அதனால் மஞ்சள் பிளாஸ்டிக் பந்துகளை வீசுவதென்று முடிவாயிற்று. ஏழாம் வகுப்பில் ஒரு பையனுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர்கள் வீட்டில் பிரான்சின் தேசிய தினமான ஜூலை பதினாலுதான் பெரிய நாள். அது திருநாள் கணக்கில் வருமா என்று ஆசிரியர்கள் அறையில் வாக்குவாதம் நடந்தது. அன்றைக்குக் கேக் வெட்டுவார்கள் என்று தெரிந்த பிறகு, வரும் என்று தீர்மானம் ஆனதாகப் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் வகுப்புக்கு மாசிமகம் வந்ததற்கு நான்தான் காரணம். நான் பட்டினச்சேரி மீனவர் வீட்டுப் பெண். மாசிமகத்தன்று கண்ணபுரத்துப் பெருமாள் பல்லக்கில் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியிலுள்ள மற்ற ஊர்களுக்கெல்லாம் அவர் சாமி. எங்களுக்கு மாப்பிள்ளை. எங்கள் பெண் ஒருத்தியை அவர் கட்டிக்கொண்டார் என்பதை எங்கள் ஊரில் யாரும் கதை மாதிரி சொல்ல மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் நடந்த கல்யாணத்தைச் சொல்வது மாதிரி சொல்வார்கள். அதனால் சாமி வருகிற அன்று பட்டு எடுத்துக்கொண்டு போய் நின்று, “வாங்க மாப்ளே, வாங்க” என்று கூப்பிட்டு, எங்கள் ஆட்களே பல்லக்கைத் தோளில் வாங்கிக்கொள்வார்கள். பெண்கள் குலவை போடுவார்கள். இதை நான் வகுப்பில் சொன்னபோது டீச்சருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் இதிலேயே இருக்கிறது என்றார்.

பெருமாளாக யார் உட்காருவது என்பதில்தான் முதல் சிக்கல். விதிப்படி அது எங்கள் வகுப்பில் நன்றாகச் சிவந்து, கன்னம் உப்பி இருந்த ஒரு முஸ்லிம் பையனுக்கு வந்தது. மறுநாள் அவனுடைய வாப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபமாக வரவில்லை. “புள்ள கலந்துக்கட்டும் டீச்சர், சந்தோஷம். பல்லக்க வேணும்னாலும் தூக்கட்டும். சாமியா மட்டும் உக்கார வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதே வாரம் எங்கள் தாத்தாவிடம் நான் இதைச் சொன்னேன். தாத்தா எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவர். அவர் அதற்குமேல் ஒரு படி போய், யாருமே பெருமாளாக உட்காரக் கூடாது, அது என்ன பழக்கம் என்றார். ஆக இரண்டு வீடுகளும் வேறு வேறு காரணங்களுக்காக ஒரே முடிவுக்கு வந்தன. தலைமை ஆசிரியை இதை ஒற்றுமைக்கு உதாரணமாகப் பிரேயரில் சொன்னார். பல்லக்கு காலியாக வரும், நடுவில் ஒரு குடத்துக்குப் பட்டுத்துணி சுற்றி வைத்துவிடலாம் என்று டீச்சர் தீர்த்துவைத்தார். கன்னம் உப்பிய பையனுக்கு மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்கிற வேலை கிடைத்தது. அவன் அதைப் பெரிய பதவியாக எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது சிக்கல், கூப்பிடுகிறவர். எங்கள் ஊர்ப் பெரியவராக நின்று மாப்பிள்ளையை வரவேற்கும் வேஷம் சுரக்குடிப் பையன் ஒருவனுக்குப் போயிருந்தது. அவர்கள் வயல்காரர்கள். அவன் நல்ல பையன், ஆனால் “வாங்க மாப்பிள்ளை, வாங்க” என்பதைப் பாடப் புத்தகத்தில் இருப்பதைப் படிப்பது போல் சொன்னான். பத்துத் தடவை சொன்னாலும் அப்படியேதான் வந்தது. டீச்சர் பொறுமை இழந்து, “நீ சொல்லிக் காட்டு” என்று என்னைப் பார்த்தார். நான் இடுப்பில் கைவைத்து, கடற்கரையில் எங்கள் ஆட்கள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். விதி அந்த இடத்தில் உடைந்தது. சுரக்குடிப் பையன் நிம்மதியாகப் பல்லக்குத் தூக்கப் போய்விட்டான்.

என்னைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டது அத்தை. அப்பாவின் தங்கை. அப்போது எங்களோடுதான் இருந்தாள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். காலையில் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவாள். அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, “ஒரு நிமிஷம்” என்பாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. ஆறு இருக்கும், தூரத்தில் படகுகள் இருக்கும். அதையெல்லாம் எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். அத்தை ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் வண்டியை எடுப்பாள். எங்கள் நாடக வசனத்தை டைப் செய்து கொடுத்ததும் அத்தைதான். வேகமாக டைப் அடிப்பாள். திரையைப் பார்ப்பாளே தவிர விரல்களைப் பார்க்கமாட்டாள். கடைக்கு வருகிற காலேஜ் பையன்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா காரைக்கால்மேட்டில் மைக்செட்டும் லைட்டும் வைத்துத் தொழில் செய்தார். அவர் கோபமாக இருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்குக் காரணமும் ஊருக்கே தெரியும். தலைதீபாவளி விருந்துக்கு வந்தபோது, அப்பாவின் சிநேகிதரான படகு மெக்கானிக் ஒருவரும் பந்தியில் இருந்தார். பரிமாறும் குழப்பத்தில், மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த கொடுவா மீன் தலை அவர் இலைக்கு வராமல் மெக்கானிக் இலைக்குப் போய்விட்டது. மாமா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றோடு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அடுத்த பொங்கலுக்கு அத்தை மட்டும் தனியாக வந்தாள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாக. போகவில்லை. எங்கள் நாடகத்தின்போது அவள் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரில் எல்லோரும் அந்தக் கொடுவாத் தலையைத்தான் குறை சொன்னார்கள். அம்மா அந்த மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

மாமா கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. குடிக்கமாட்டார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அத்தை அங்கே இருந்த மாதங்களில் நாங்கள் போன் செய்தால், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். பக்கத்தில் மாமா இருமுவதுகூடக் கேட்கும். மைக்செட்காரர் வீடு, எல்லாமே சத்தமாகக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தாத்தாவுக்கு மாப்பிள்ளையைப் போய்க் கூப்பிட ஆசைதான். ஆனால் பஞ்சாயத்தார் ஒருவர் மீன் துண்டுக்காக இன்னொரு ஊருக்குப் போய் நிற்பதா என்ற யோசனை. மாமாவுக்கும் வர ஆசைதான் என்று அந்தப் பக்கத்திலிருந்து செய்தி வரும். கூப்பிட்டால் வருவார், கூப்பிடாமல் எப்படி வருவார் என்பார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் அத்தையைத்தான் பார்த்தன. “நீ ஒரு போன் போட்டு வாங்கன்னு சொன்னா வந்துடப் போறாரு” என்று சாப்பிடும்போதெல்லாம் தாத்தா சொல்வார். “சொல்லலாம்ப்பா” என்பாள் அத்தை. மறுப்பாக ஒரு வார்த்தை இருக்காது. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

விழா அன்று அத்தை கடைக்கு அரைநாள் லீவு போட்டிருந்தாள். எனக்குத் தலைப்பாகை கட்டிவிட அவள்தான் வர வேண்டும் என்று நான் அடம்பிடித்திருந்தேன். பள்ளிக்கூட வாசலில் வண்டியைத் திருப்பும்போது சட்டென்று பிரேக் பிடித்தாள். கேட்டுக்கு உள்ளே மாமாவின் டாடா ஏஸ் நின்றது. பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் இறங்கிக்கொண்டிருந்தது. “மாமா வண்டி அத்தை” என்றேன். “தெரியுது” என்றாள். வண்டியை வெளியிலேயே ஒரு புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டு, என்னைப் பக்கவாட்டு வழியாக வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலைப்பாகையை நிதானமாகக் கட்டினாள். மீசை வரைந்தாள். என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “தாத்தா மாதிரியே இருக்க” என்று சிரித்தாள். பிறகு பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

விழாவுக்குப் பெரிய கூட்டம். ஒவ்வொரு திருநாளுக்கும் சொந்தக்காரர்களை வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்பது தலைமை ஆசிரியையின் ஏற்பாடு. கந்தூரிக்காகத் தொப்பி போட்ட பெரியவர்கள் இருவர், மாதா தேருக்காகக் கோயில் உபதேசியார் ஒருவர், ஜூலை பதினாலுக்காகக் கோட்டில் பதக்கங்கள் குத்திக்கொண்ட அந்தப் பென்ஷன் தாத்தா, மாசிமகத்துக்காக எங்கள் தாத்தா. எங்கள் ஊர்ப் பெண்கள் ஷேர் ஆட்டோக்களில் திரண்டு வந்திருந்தார்கள். சாமி நம்ம மாப்பிள்ளை என்பதை டவுன் பள்ளிக்கூடத்தில் ஒப்புக்கொள்கிறார்கள் என்றால் அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பொங்கல் நன்றாகப் பொங்கியது. கந்தூரியில் கொடிமரம் ஒருபக்கம் சாய்ந்தது. மேடைக்கு ஓடிப்போய்ப் பிடித்தவர் கோயில் உபதேசியார். அதற்குப் பெரிய கைதட்டல். மாங்கனியில் வீசிய பந்துகளில் ஒன்று பென்ஷன் தாத்தாவின் மடியில் விழுந்தது. அவர் அதைப் பிரசாதமாகவே எடுத்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள்.

மேடையின் ஒரு பக்கம் நான் தலைப்பாகையும் மீசையுமாக, தட்டில் பட்டோடு நின்றேன். பின்னால் குலவை போட நான்கு பெண்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பல்லக்கு வர வேண்டும். நடுவில் ஸ்டாண்டில் மைக். மாப்பிள்ளை என் எதிரில் வந்து நின்றதும் நான் கூப்பிட வேண்டும், பெண்கள் குலவை போட வேண்டும், நான் பட்டைப் போர்த்த வேண்டும். ஒத்திகையில் இது ஒருதடவைகூடத் தவறியதில்லை.

பல்லக்கு பாதி மேடைக்கு வந்தபோது மைக் கீச்சென்று கத்தியது. பிறகு செத்துப்போயிற்று. பல்லக்குத் தூக்கிகள் நின்றுவிட்டார்கள். குடை பிடித்த பையனும் நின்றுவிட்டான். டீச்சர் கீழேயிருந்து ஏதோ கையைக் காட்டினார். கூட்டம் சலசலத்தது. அப்போது பல்லக்கு வந்த அதே பக்கத்திலிருந்து மாமா மேடையேறினார். கையில் வேறொரு மைக், பின்னால் நீளமாக ஒயர். ஒயர் சிக்காமல் இருக்கப் பல்லக்கைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். நேராக என்னிடம் நடந்து வந்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, என் வாய்க்கு நேராக நீட்டினார்.

மாப்பிள்ளை எதிரில் வந்து நின்றதும் கூப்பிட வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. எதிரில் வந்து நிற்கிறார். இதில் நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. வாயைத் திறந்தேன், வசனம் வந்துவிட்டது.

“வாங்க மாப்ளே, வாங்க!”

புது மைக் நன்றாக வேலை செய்தது. என் குரல் பள்ளிக்கூடக் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது.  பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அதைத் தொடர்ந்து குலவை எழும்பியது. மேடையிலிருந்த நான்கு பெண்கள் போட வேண்டிய குலவை அல்ல அது. ஷேர் ஆட்டோக்களில் வந்தவர்கள் போட்ட நிஜக் குலவை. யார் மாப்பிள்ளை, யார் வீட்டு மாப்பிள்ளை, எதனால் கோபம் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். குடை பிடித்த பையன் இரண்டடி முன்னால் வந்து குடையை மாமாவின் தலைக்கு மேலே கொண்டுபோனான். மாப்பிள்ளைக்குக் குடை பிடி என்றுதானே அவனுக்கும் சொல்லியிருந்தார்கள். அவன் கடமையில் தவறாதவன்.

தாத்தா முன்வரிசையிலிருந்து எழுந்தார். அவர் மேடைப் படிகளில் ஏறி வந்ததை நான் இப்போது நினைத்தாலும் பார்க்க முடிகிறது. முகத்தில் சிரிப்பு இல்லை. இது பெருமாளே ஏற்படுத்தியது என்று அவர் நம்பியதாகப் பிறகு சொன்னார். என் தட்டிலிருந்த பட்டை எடுத்தார். அது உண்மையில் அம்மாவுடைய பழைய புடவையின் முந்தானை. அதை மாமாவின் தோளில் போர்த்தி, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “வீட்டுக்கு வாங்க மாப்ள. நடந்ததெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். மைக் மாமாவின் கையில் இருந்ததால் அதுவும் ஊருக்கே கேட்டது. மாமா வேர்த்துப்போய், ஒயரும் பட்டுமாக நின்று, “வர்றேன் மாமா. வராம எங்க போகப்போறேன்” என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கூட்டம் கைதட்டியது. பல்லக்கைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் கை வலித்துக் குடத்தோடு கீழே இறக்கி வைத்தார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை.

பெண்களில் யாரோ அத்தையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து நான்கைந்து பேர் அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்கள். வழியில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். மேடைக்கு வந்தபோது அத்தை தலையைக் குனிந்திருந்தாள். புதுப்பெண்ணோட வெட்கத்தைப் பாரு என்று ஒருத்தி சொல்ல, மறுபடியும் குலவை. மாமாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். திருநாள்கள் எதற்காக இருக்கின்றன என்று நான் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன், இன்றைக்கு ஒரு சின்னப் பெண் அதை நமக்குக் காட்டிவிட்டாள் என்று பேசினார். எனக்குப் பரிசாக ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார்கள். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அந்த விழா நடந்தது. ஒவ்வொரு தடவையும் என் கதையைச் சொல்லித்தான் தொடங்குவார். என்னை எழுந்து நிற்கச் சொல்வார்.

மாமா மறுநாளே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பா தேடிப்போய்க் கொடுவா வாங்கிவந்தார். தலை இந்தத் தடவை வழி தவறவில்லை. மாமா அடக்கமாகச் சாப்பிட்டார், அம்மாவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார், எனக்கு ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தார். அத்தைதான் பரிமாறினாள். எப்போது அழைத்துப்போகலாம் என்று தாத்தா கேட்க, நல்ல நாள் பார்த்தார்கள். மாசிமகத்துக்கு முன்பே ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அத்தையிடமும் கேட்டார்கள். “ஒங்க இஷ்டம்ப்பா” என்றாள். ஊரறிய மாப்பிள்ளை இறங்கிவந்துவிட்டார், இனிமேல் என்ன என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடை வேலையை விடுவதென்றால் அத்தை ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டுமாம். அப்பா போய்ப் பேசி அன்றே முடித்துக்கொண்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மாமாவின் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். ஸ்கூட்டியையும் பின்னால் ஏற்றிவிடலாமே என்று அப்பா கேட்டார். “அங்க எதுக்கு மச்சான், நம்மகிட்டதான் வண்டி இருக்கே. எங்க போகணும்னாலும் நானே கொண்டு விட்டுடுவேன்” என்றார் மாமா. எவ்வளவு அக்கறை என்று எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஸ்கூட்டி சாவி அம்மாவிடம் போயிற்று. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது.

அத்தை அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். மாசிமகத்துக்கு வருடம் தவறாமல் மாமாவோடு எங்கள் ஊருக்கு வருவாள், சாமி பார்ப்பாள், சாயங்காலத்துக்குள் போய்விடுவாள். குறை என்று எதுவும் சொன்னதில்லை. நாங்கள் போன் செய்தால் முதலில் எடுப்பது மாமாதான். மரியாதையாக எல்லோரையும் விசாரித்துவிட்டு அத்தையிடம் கொடுப்பார்.

அன்று வண்டி புறப்படுவதற்கு முன்னால் பெண்கள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, ரெண்டு பேரையும் சேத்து வெச்ச பெரிய மனுஷி என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அத்தை அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். குனிந்து, என் கலைந்த ஜடையை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். 

“ஒரு தடவ கூப்ட்ட, ஒடனே வந்துட்டாங்க பாத்தியா?” என்றாள்.

எனக்குத் தாங்க முடியாத பெருமை. ஆனாலும் எல்லாப் புகழையும் நானே எடுத்துக்கொள்வது நன்றாக இருக்காது என்று தோன்றியது.

“நீ கூப்ட்டிருந்தாலும் வந்திருப்பாங்க அத்தை” என்றேன்.

அத்தை ஜடை நுனியை என் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டாள். பிறகு சிரித்தாள்.

“ஆமாடி. கூப்ட்டிருந்தா வந்திருப்பாங்க. எனக்குத் தெரியும்” என்றாள்.

பிறகு போய் வண்டியில் மாமாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தெரிந்திருந்தும் ஒரு வருடமாக ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்புகிறவரை கையைக் காட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுக்க உள்ளே ஓடினேன்.